ஜோனா லோமு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல 1995 ரக்பி உலகக்கோப்பை பத்தி எழுதினப்ப ஜோனா லோமுன்னு ஒரு பேர் நடுவுல வந்துட்டு போச்சு. வந்த கேள்விகள்ல முக்கால்வாசி அவரைப் பத்தித்தான், அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அவருக்கே கொடுத்துட்டோம். ஒரே மாதிரி கேட்டவங்க கேள்விய ஒண்ணா சேர்த்திருக்கோம்.

கேள்வி: எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ரக்பின்னா என்ன, இந்த லோமு அதுல அப்படி என்ன பண்ணிட்டார்னு மொதல்ல இருந்து சொல்லுங்களேன்?

ரக்பி யூனியன்ல ஒரு டீமுக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிஷம். பந்தை கையில வச்சுகிட்டு ஓடி எதிர் டீமோட கடைசி கோட்டைத் தாண்டி தரையில அழுத்தணும், அதுக்கு பேர் ட்ரை, 5 பாயின்ட். அப்புறம் கோல் போஸ்டுக்கு நடுவுல உதைச்சா இன்னொரு 2. பெனால்டி உதைக்கு 3, ஆட்டம் ஓடிகிட்டு இருக்கும்போதே பந்தை தரையில விட்டு உதைச்சு போஸ்டுக்குள்ள அடிச்சா அது டிராப் கோல், அதுக்கும் 3. கையால பந்தை முன்னாடி எறியவே கூடாது, பக்கவாட்டுல இல்ல பின்பக்கமா மட்டும்தான் பாஸ் பண்ணலாம். இந்த ஒரு ரூல் புரிஞ்சா போதும், மிச்சமெல்லாம் பாக்கப் பாக்க தானா புரியும்.

15 பேர்ல 8 பேர் ஃபார்வர்ட்ஸ், ஸ்க்ரம்ல (ரெண்டு டீம் ஃபார்வர்ட்ஸும் கோத்துகிட்டு பந்துக்காக எதிரெதிரா தள்ளுறது) தலைய கொடுத்து தள்றது, கீழ விழுந்த பந்துக்கு மோதுறது எல்லாம் அவங்க வேலை, அதனால கனமான ஆளுங்க. மிச்சம் 7 பேர் பேக்ஸ், அதுல ரெண்டு ஓரத்துலயும் நிக்கிறவங்க விங். ஓட்டக்காரங்க, அந்த காலத்துல பெரும்பாலும் ஒல்லியா, லேசா இருப்பாங்க. நியூசிலாந்தோட ஜோனா லோமு 196 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட 120 கிலோ. ஃபார்வர்ட் உடம்பு. ஆனா 100 மீட்டர 11 செகண்டுக்குள்ள ஓடுவார், நின்ன இடம் 11ஆம் நம்பர், இடது பக்க விங். அவருக்கு எதிர்ல நின்னவங்க பல பேர் அவர விட 25, 30 கிலோ கம்மி. அதுவரைக்கும் அப்படி ஒரு விங்கர எந்த கோச்சும் பாத்ததில்ல, அவர எப்படி நிறுத்துறதுன்னு யார்கிட்டயும் பிளான் இல்ல.

கேள்வி: இங்கிலாந்து மேட்ச் இங்கிலாந்து மேட்ச்னு எல்லாரும் சொல்றாங்க. அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?

1995 ஜூன் 18, தென்னாப்பிரிக்கா, கேப் டவுன்ல நியூலேண்ட்ஸ் மைதானம், உலகக்கோப்பை செமி ஃபைனல். லோமுவுக்கு வயசு 20. அந்த உலகக்கோப்பைக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் ஆடினது மொத்தமே 2 டெஸ்ட் மேட்ச்தான், 1994ல பிரான்ஸுக்கு எதிரா, ரெண்டுலயும் தோல்வி. (ரக்பில ரெண்டு நாட்டு டீம் மோதினாலே அத டெஸ்ட்னுதான் சொல்வாங்க, அஞ்சு நாள் ஆட்டம்னு நினைச்சுக்காதீங்க.) ஃபர்ஸ்ட் டெஸ்ட் ஆடினப்ப வயசு 19 வருஷம் 45 நாள், நியூசிலாந்துக்கு டெஸ்ட் ஆடினதுலயே சின்ன வயசுக்காரர் அவர்தான். ஆனா அந்த தோல்விக்கப்புறம், பையன் விங்ல எங்க நிக்கணும்னே தெரியாம நிக்கிறான்னு விமர்சனம். உலகக்கோப்பைக்கு முன்னாடி நடந்த ட்ரெய்னிங் கேம்ப்ல ஃபிட்னஸ் பத்தலன்னு கடைசி வரைக்கும் டீம்ல இடம் உறுதியில்லாம இருந்துச்சு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ ஒரு கேள்விக்கு இதுதான் பதிலோட ஆரம்பம்.

ஆட்டம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே லோமுவுக்கு வந்த பாஸ் சரியில்ல, அவருக்குப் பின்னாடி போய் குதிச்சுது. திரும்பி அத பொறுக்கி எடுத்தார். எதிர்ல இங்கிலாந்து விங்கர் டோனி அண்டர்வுட், அவர வெளிப்பக்கமா சுத்தி தாண்டிட்டார். இங்கிலாந்து கேப்டன் வில் கார்லிங் பின்னாலயே வந்து கால தட்டிவிட்டார், அதுல லோமு தடுமாறிட்டார், முன்னாடி சாயுறார், விழப்போறார்னு தோணும். கடைசி ஆளா ஃபுல் பேக் மைக் கேட் நேர நிக்கிறார். விழாம சமாளிச்ச அந்த வேகத்துலயே லோமு அவர் மேல ஏறி மிதிச்சு போய் ட்ரை போட்டுட்டார். ரக்பிய பத்தி ஒண்ணும் தெரியாதவங்க கூட பாத்திருக்கிற காட்சி அது.

அன்னிக்கு அவர் போட்டது 4 ட்ரை, நியூசிலாந்து 45-29னு ஜெயிச்சுது. ஹாஃப் டைம்ல 25-3. இங்கிலாந்து லேசுப்பட்ட டீம் இல்ல, குவார்ட்டர் ஃபைனல்ல நடப்பு சாம்பியன் ஆஸ்திரேலியாவ தோக்கடிச்சுட்டு வந்த டீம். மேட்ச் முடிஞ்சு கார்லிங், இவர் மனுஷப் பிறவியே இல்ல, சீக்கிரம் இங்கருந்து போனா நல்லதுங்கற மாதிரி சொன்னது ரொம்ப பிரபலம்.

மைக் கேட்ட பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்த ஒரு காட்சிய வச்சே அவர எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க, அது நியாயமே இல்ல. 2003ல உலகக்கோப்பை ஜெயிச்ச இங்கிலாந்து டீம்ல அவர் இருந்தார், 2007 ஃபைனல்லயும் ஆடினார். நேர வந்த லோமுவுக்கு எதிர்ல ஒதுங்காம நின்ன மனுஷன் அவர்.

கேள்வி: வெறும் சைஸ்தானே சார்? அந்த உடம்பு இருந்தா யார் வேணா அப்படி ஆடலாமே?

இத கேட்ட ஆள் ஒருத்தர் இல்ல, நாலஞ்சு பேர். எனக்கு இதுல உறுதியான கருத்து இருக்கு, சைஸ் மட்டும் இல்லவே இல்ல. பெரிய உடம்புக்காரங்க ரக்பில எப்பவும் இருந்திருக்காங்க. லோமுகிட்ட இருந்தது அந்த உடம்ப கண்ட்ரோல் பண்ற கால். அவர் மோதினத மட்டும் பாக்காதீங்க, மோதறதுக்கு முன்னாடி அரை செகண்ட் பாருங்க. எதிராளி எடைய எந்த கால்ல போட்டிருக்கான்னு பாத்து அதுக்கு எதிர்பக்கம் ஒரு சின்ன அடி வைப்பார், அவன் திரும்பறதுக்குள்ள உள்ளங்கையால தோளயோ நெஞ்சையோ தள்ளிட்டு போயிடுவார். கைய நீட்டி இப்படி தள்றது ஒரு தனி வித்தை, ஹேண்ட் ஆஃப்னு சொல்வாங்க. இடது கையால தள்ளும்போது பந்து வலது கையில, வலது கையால தள்ளும்போது பந்து இடது கையில, ஓட்டத்துலயே மாத்திக்குவார்.

இன்னொன்னு, அவர் செவன்ஸ் ஆட்டத்துல வளந்தவர். ஒரு டீமுக்கு 7 பேர்தான், மைதானம் அதே அளவு, அதனால எங்க காலி இடம் இருக்குன்னு கண்ணு பழகிடும். 1994ல ஹாங்காங் செவன்ஸ்லதான் உலகம் அவர மொதல்ல கவனிச்சுது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுல செவன்ஸ் தங்கம், 2001ல அர்ஜென்டினாவோட மார் டெல் பிளாட்டால நடந்த செவன்ஸ் உலகக்கோப்பையும் ஜெயிச்ச டீம்ல இருந்தார். வெறும் முரட்டு பலம் இருக்கிறவன் செவன்ஸ்ல ரெண்டு நிமிஷத்துல மூச்சு வாங்கி நின்னுடுவான்.

கேள்வி: அவரோட குடும்பம் டோங்கா நாட்டுக்காரங்கன்னு படிச்சேன். அப்புறம் ஏன் டோங்காவுக்கு ஆடல? சின்ன வயசு எப்படி இருந்துச்சு?

1975 மே 12ல ஆக்லாந்து பக்கம்தான் பிறந்தார், அப்பா அம்மா டோங்காலருந்து வந்தவங்க. கைக்குழந்தையா இருக்கும்போதே டோங்காவுக்கு அனுப்பிட்டாங்க, பெரியம்மா குடும்பத்துல ஹாபாய் தீவுக்கூட்டத்துல வளந்தார், ஆறு வயசு வாக்குல திரும்பி வந்தார். அப்ப அவருக்கு டோங்கன் பாஷைதான் தெரியும். தெற்கு ஆக்லாந்துல மாங்கேரேன்னு உழைக்கிற ஜனங்க வாழற ஏரியா. பசிபிக் தீவுகள்ல இருந்து ஃபேக்டரி வேலைக்குன்னு வந்த குடும்பங்க நிறைய, பணம் கம்மி, பசங்களுக்கு கேங்கு சகவாசம் சுலபமா கிடைக்கும். அவரோட மாமா ஒருத்தர் அங்க வெட்டிக் கொல்லப்பட்டார். வீட்ல அப்பா கை நீட்டுவார்னு லோமுவே பல தடவ வெளிப்படையா சொல்லியிருக்கார். இது போதும், பையன இதுலருந்து விலக்கணும்னு அம்மா முடிவு பண்ணி வெஸ்லி காலேஜ்ங்கற போர்டிங் ஸ்கூல்ல சேத்தாங்க. அவர் வாழ்க்கைய திருப்பினது அந்த அம்மாவோட முடிவுதான்னு நான் நம்புறேன், ரக்பி அதுக்கப்புறம் வந்தது. அந்த ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல ஓட்டம், தாண்டுறது, எறியறதுன்னு எல்லாத்துலயும் ஜெயிச்சுகிட்டே இருந்தார். ரக்பில அங்க ஃபார்வர்டாதான் ஆடினார், விங்குக்கு மாத்தினது பெரிய டீமுக்கு வந்தப்புறம்.

டோங்காவுக்கு ஏன் ஆடலன்னா, அவர் பிறந்ததும் ரக்பி கத்துகிட்டதும் நியூசிலாந்து. மாங்கேரேல வளர்ற ஒரு டோங்கன் பையனுக்கு ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்து ரக்பி டீமுக்கு அதுதான் பேர்) கறுப்பு ஜெர்சிதான் கனவு, அதுல துரோகம் எதுவும் இல்ல. 1999 உலகக்கோப்பைல பிரிஸ்டல்ல டோங்காவுக்கு எதிராவே ஆடி 2 ட்ரை போட்டார். ஆனா அவரப் பாத்து வளந்த தீவுக்கார பசங்க எத்தன பேர்னு யோசிங்க, இன்னிக்கு உலகத்துல பல பெரிய டீம்கள்ல டோங்கா, சமோவா, பிஜி வம்சாவளி ஆட்டக்காரர் ஒருத்தராவது இருப்பார். அதே சமயம் அந்த சின்ன நாடுங்களோட டீமுக்கு பணமும் ஆளும் பத்தாம கஷ்டப்படறதும் உண்மை, அத பத்தி உலக ரக்பி இன்னும் உருப்படியா யோசிக்கணும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா ஒரு ட்ரை கூட போட்டதில்லயாமே. அப்ப ஓவரா தூக்கி வச்சு கொண்டாடறோமோ?

தகவல் உண்மைதான். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா 12 டெஸ்ட், ட்ரை பூஜ்யம்.

ஆனா ஏன்னு பாக்கணும். ஸ்ப்ரிங்பாக்ஸ், அதாவது தென்னாப்பிரிக்கா டீம், ஒரு ஆள வச்சு அவர நிறுத்த முயற்சியே பண்ணல. 1995 ஜூன் 24, ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க், ஃபைனல். லோமுவுக்கு எதிர்ல ஜேம்ஸ் ஸ்மால். அவர் வேலை லோமுவ வீழ்த்தறது இல்ல, வேகத்த குறைக்க வைக்கிறது, உள்பக்கமா திருப்பி விடறது. அங்க ரெண்டாவது ஆள், மூணாவது ஆள் காத்துகிட்டு இருப்பாங்க. யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹெய்சன், அந்த டீமோட ஸ்க்ரம் ஹாஃப் (ஸ்க்ரம்ல இருந்து பந்த எடுத்து பாஸ் பண்ற ஆள்), ஓடி வர்ற லோமுவ இடுப்புக்கு கீழ புடிச்சு சாய்ச்ச டேக்கிள இன்னிக்கும் பேசறாங்க. லோமு முழு வேகம் எடுக்கறதுக்கு முன்னாடி புடிச்சுடணும், எடுத்துட்டா முடிஞ்சுது.

அந்த ஃபைனல்ல ரெண்டு டீம்ல யாருமே ட்ரை போடல. தென்னாப்பிரிக்கா 15-12னு ஜெயிச்சுது. அவங்களோட 15 பாயின்டும் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைச்சது, நியூசிலாந்தோட 12ம் ஆண்ட்ரூ மெர்டென்ஸ் உதைச்சது, எக்ஸ்ட்ரா டைம்ல ஸ்ட்ரான்ஸ்கியோட டிராப் கோல்ல முடிஞ்சுது. ஃபைனலுக்கு முன்னாடி நியூசிலாந்து ஆட்டக்காரங்க பல பேருக்கு வயிறு கெட்டுப்போய் படுத்துட்டாங்கங்கறதும் உண்டு, அத வச்சு இன்னிக்கும் சண்டை நடக்குது. என்ன கேட்டா அன்னிக்கு தென்னாப்பிரிக்கா டிஃபென்ஸ் ஆடினது அபாரம், அவங்க வெற்றிய குறைச்சு பேச மாட்டேன். மண்டேலா ஸ்ப்ரிங்பாக் ஜெர்சிய போட்டுகிட்டு கேப்டன் பிரான்சுவா பினார்கிட்ட கோப்பைய கொடுத்த நாள் அது.

ஒரு ஆள நிறுத்தறதுக்கு மூணு பேர் போனா மிச்ச இடத்துல அவங்க ஆளு கம்மியாகும், அந்த இடத்துல மத்தவங்க ஓடுவாங்க. லோமு ட்ரை போடாத மேட்ச்லயும் அவர் வேலை நடந்துகிட்டுதான் இருந்துச்சு.

கேள்வி: எப்பதான் கிட்னி பிரச்சனை வந்துச்சு? ரிட்டயர் ஆனப்புறமா?

இல்ல. பல பேர் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க, இந்த பக்கத்த முழுக்க அவருக்கு கொடுத்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். 1995 கடைசிலயே கண்டுபிடிச்சாங்க. அதாவது அந்த 4 ட்ரை போட்டு ஆறு மாசம் பக்கம்தான் ஆகியிருந்துச்சு. நம்ம கிட்னில ரத்தத்த வடிகட்டற நுண்ணிய வடிகட்டிங்க இருக்கு, நல்லா இருந்தா கழிவ வெளிய விட்டு புரோட்டீன உள்ள நிறுத்தும். இந்த வியாதில அது பழுதாகி புரோட்டீன் யூரின்ல போயிடும். ரத்தத்துல புரோட்டீன் குறைஞ்சா தண்ணி ரத்தக்குழாய விட்டு வெளிய கசிஞ்சு கால், முகம் எல்லாம் வீங்கும், எந்நேரமும் அசதி. சிகிச்சைக்கு பெரும்பாலும் ஸ்டீராய்டு, அதுக்குன்னு தனி பக்கவிளைவு. இப்ப அந்த ட்ரெய்னிங் கேம்ப்ல ஃபிட்னஸ் பத்தலன்னு சொன்னத யோசிச்சு பாருங்க. சோம்பேறின்னு நினைச்சாங்க, உடம்பு உள்ள அப்பவே கெட்டுகிட்டு இருந்திருக்கலாம்னு லோமுவே பின்னாடி சொன்னார்.

1997ல ரொம்ப மாசம் ஆடவே இல்ல, சிகிச்சை. வருஷக் கடைசில திரும்பி வந்தார். 1998ல தங்கம், 1999 உலகக்கோப்பைல 6 மேட்ச்ல 8 ட்ரை, அதுல 2 செமி ஃபைனல்ல பிரான்ஸுக்கு எதிரா, அந்த மேட்ச்ல நியூசிலாந்து 43-31னு தோத்துது. இதெல்லாம் பழுதான கிட்னியோட ஆடினது. நல்லா ஆடின லோமுவ உலகம் பாத்துருக்கு, உடம்பு நல்லா இருந்த லோமுவ எந்த மைதானமும் அநேகமா பாக்கவே இல்ல. மிருகம், புல்டோசர்னு எல்லாம் அவர எழுதினாங்க, அந்த வார்த்தைங்க எனக்கு எப்பவுமே உறுத்தும். மெதுவா, கூச்சப்பட்டு பேசற மனுஷன் அவர். பலசாலின்னு ஊரே சொல்றப்ப எனக்கு முடியலன்னு ஒருத்தர் எப்படி வாயத் தொறந்து சொல்லுவார்?

கடைசி டெஸ்ட் 2002 நவம்பர்ல, கார்டிஃப்ல, வேல்ஸுக்கு எதிரா. மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை, வயசு 27தான். 2003 மே மாசம் வாரம் மூணு தடவ டயாலிசிஸ்னு அறிவிச்சாங்க, அப்புறம் அதுவும் பத்தாம இன்னும் அதிகமாச்சு. கால் நரம்பெல்லாம் பாதிச்சு நடக்கறதே கஷ்டம், சக்கர நாற்காலி வரைக்கும் போகலாம்னு டாக்டருங்க எச்சரிச்சாங்க. 2004 ஜூலை 28ல கிட்னி மாற்று ஆபரேஷன். கிட்னி கொடுத்தவர் வெலிங்டன்ல ரேடியோ தொகுப்பாளரா இருந்த கிராண்ட் கெரியாமா. சொந்தக்காரர் இல்ல.

கேள்வி: எங்க அப்பா டயாலிசிஸ்ல இருக்கார், மாற்று ஆபரேஷனுக்கு காத்துட்டு இருக்கோம். அதுக்கப்புறம் லோமு திரும்ப ஆடினாரா? அப்படி ஓடியாட முடியுமா?

மொதல்ல, அப்பா சீக்கிரம் நல்லபடியா வரணும்மா. காத்திருக்கிற வீட்ல இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு போன் காலும் எப்படி இருக்கும்னு தெரியும்.

லோமு திரும்ப ஆடினார். 2005 ஜூன்ல லண்டன் ட்விக்கன்ஹம் மைதானத்துல இங்கிலாந்து முன்னாள் கேப்டன் மார்ட்டின் ஜான்சனுக்காக நடந்த காட்சி மேட்ச்ல இறங்கி ட்ரையும் போட்டார், அதே மேட்ச்ல தோள்பட்டைல அடிபட்டு அந்த சீசன் போச்சு. அப்புறம் 2005 டிசம்பர்ல இருந்து வேல்ஸ்ல கார்டிஃப் ப்ளூஸ் டீம், 2006ல நியூசிலாந்துல நார்த் ஹார்பர் டீம். பழைய வேகம் வரல. 2007 உலகக்கோப்பைக்கு டீம்ல வரணுங்கறது அவர் ஆசை, அது நடக்கல. 2009ல பிரான்ஸ்ல மார்செய் விட்ரோல்னு மூணாவது டிவிஷன் கிளப்புல கூட போய் ஆடினார். தோத்துட்டார்னு சில பேர் எழுதினாங்க. மாத்தி வச்ச கிட்னியோட தொழில்முறை ரக்பி ஆடினதே பெரிய விஷயம், வேற எந்த அளவுகோல வச்சும் அத அளக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

உங்க கேள்விக்கு நேரா வர்றேன். மாற்று கிட்னிய வழக்கமா அடிவயித்துல, முன்பக்கமா வைப்பாங்க. நம்ம சொந்த கிட்னிக்கு இருக்கிற மாதிரி விலா எலும்பு பாதுகாப்பு அங்க இல்ல, அதனால அடிபடற ஆட்டம் வேண்டாம்னுதான் டாக்டருங்க பெரும்பாலும் சொல்வாங்க. நடக்கறது, நீச்சல், சைக்கிள், ஷட்டில் எல்லாம் பல பேர் ஆடறாங்க. உறுப்பு மாற்று செஞ்சவங்களுக்குன்னே 1978ல இருந்து உலக அளவுல விளையாட்டுப் போட்டி நடக்குது. அமெரிக்காவுல ஷான் எலியட்னு பாஸ்கெட்பால் ஆட்டக்காரர், அவர் அண்ணன் கொடுத்த கிட்னியோட 2000ல என்.பி.ஏ. ஆட்டத்துக்கே திரும்பி வந்தார். அப்பாவுக்கு எது சரி, எப்ப ஆரம்பிக்கலாம்னு அவரோட டாக்டர்தான் சொல்லணும்.

ஒரு விஷயத்த மறைக்க விரும்பல. மாத்தி வச்ச கிட்னிய உடம்பு வேத்து பொருளாதான் பாக்கும், அத அடக்க தினமும் மாத்திரை, வாழ்நாள் முழுக்க, ஒரு வேள கூட தவறக்கூடாது. ஒழுங்கா சாப்பிட்டாலும் சில பேருக்கு சில வருஷம் கழிச்சு அந்த கிட்னி நின்னு போகும். லோமுவுக்கு 2011ல அப்படி ஆச்சு. நியூசிலாந்துல நடந்த உலகக்கோப்பை திறப்பு விழால வந்து நின்னார், கொஞ்ச நாள்ல ஆஸ்பத்திரி, மறுபடி டயாலிசிஸ். ஆனா அந்த ஏழு வருஷத்துலதான் ரெண்டு பசங்க பிறந்தாங்க. அந்த வருஷங்கள அவருக்கு கொடுத்தது இன்னொருத்தரோட கிட்னி.

கேள்வி: மூணு கல்யாணமாமே?

ஆமா. அதுல சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் அவங்கவங்க வாழ்க்கைய வாழ்ந்துட்டு இருக்காங்க, அடுத்த கேள்விக்கு போவோம்.

கேள்வி: இவ்ளோ பெரிய ஸ்டார், சாகும்போது பணமே இல்லன்னு செய்தி வந்துச்சே, அது எப்படி?

அவர் பேர்ல சொத்துன்னு பெருசா எதுவும் இல்லன்னு செய்தி வந்தது நிஜம், நியூசிலாந்து ஆட்டக்காரர் சங்கம் முன்னாடி வந்து ரெண்டு பசங்களுக்காக ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சுது. வீட்டுக்குள்ள கணக்கு எப்படி இருந்துச்சுன்னு ஊகம் பண்றது சரியில்ல, ஆனா வெளிய தெரிஞ்ச சில விஷயத்த சேர்த்துப் பாருங்க.

1995ல அந்த 4 ட்ரை போட்டப்ப ரக்பி யூனியன் அதிகாரபூர்வமா அமெச்சூர் ஆட்டம். சம்பளமே கிடையாது. ஃபைனலுக்கு முந்தின நாள்தான் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூணும் சேர்ந்து ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக்கோட நியூஸ் கார்ப்கூட 10 வருஷத்துக்கு 55.5 கோடி அமெரிக்க டாலருக்கு டிவி ஒப்பந்தம் அறிவிச்சாங்க, ஆகஸ்ட்ல ஆட்டம் தொழில்முறை ஆச்சு. லோமு மாதிரி ஒருத்தர் இல்லாம ரக்பிய அந்த விலைக்கு உலகம் முழுக்க வித்திருக்க முடியுமான்னு எனக்கு சந்தேகம்தான். ரக்பி லீக்ல (ரக்பியோட இன்னொரு வகை, டீமுக்கு 13 பேர்) இருந்தும் அமெரிக்க ஃபுட்பால் பக்கத்துல இருந்தும் அவருக்கு ஆர்வம் காட்டினாங்க, போகல, கறுப்பு ஜெர்சிய விட மனசில்ல. அவர் பேர்ல 1997ல வீடியோ கேமே வந்துச்சு, நல்லாவும் சம்பாதிச்சார். ஆனா ஒரு ஆட்டக்காரர் நிறைய சம்பாதிக்கிற வயசு 27ல இருந்து 32, அந்த வருஷங்கள அவர் பெரும்பாலும் டயாலிசிஸ் மெஷின் பக்கத்துலயும் ஆபரேஷனுக்கப்புறம் தேறி வர்றதுலயும் கழிச்சார்.

கடைசி வரைக்கும் வேலை பண்ணிகிட்டுதான் இருந்தார். 2015 உலகக்கோப்பை சமயத்துல பிரிட்டன்ல நிகழ்ச்சி நிகழ்ச்சியா போய் வந்தார், நடுநடுவுல டயாலிசிஸும். பசங்களோட 21ஆவது பிறந்தநாள் வரைக்கும் இருந்துடணும், அதுதான் என் இலக்குன்னு அந்த வருஷம் சொல்லியிருந்தார். துபாய் வழியா குடும்பத்தோட ஊர் திரும்பின கையோட 2015 நவம்பர் 18 ஆக்லாந்துல திடீர்னு இறந்துட்டார். வயசு 40. பசங்களுக்கு 6, 5. ஈடன் பார்க் மைதானத்துல நடந்த அஞ்சலில பழைய ஆல் பிளாக்ஸ் ஆட்டக்காரங்களும் வெஸ்லி காலேஜ் பசங்களும் ஹாக்கா (நியூசிலாந்து மவோரி மக்களோட பாரம்பரிய ஆட்டம்) ஆடி வழியனுப்பினாங்க.

கேள்வி: அவரோட ரெக்கார்ட யாராவது முறியடிச்சாங்களா?

ரெண்டு உலகக்கோப்பைல 11 மேட்ச், 15 ட்ரை. தென்னாப்பிரிக்காவோட பிரையன் ஹபானா 2015 அக்டோபர்ல அந்த 15ஐ சமன் பண்ணார், அவருக்கு அதுக்கு மூணு உலகக்கோப்பை தேவைப்பட்டுச்சு. ஒரே உலகக்கோப்பைல 8 ட்ரைங்கறத ஹபானா 2007லயும், நியூசிலாந்தோட ஜூலியன் சவேயா 2015லயும், வில் ஜோர்டன் 2023லயும் தொட்டிருக்காங்க. 2023 உலகக்கோப்பை முடிஞ்ச வரைக்கும் தாண்டினவங்க யாரும் இல்ல.

கேள்வி: ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எத பாக்கட்டும்? இங்கிலாந்து மேட்ச்தானே?

அத எப்படியும் பாத்துடுவீங்க. நான் சொல்றது 2000 ஜூலை 15, சிட்னி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரா. மைதானத்துல 1,09,874 பேர். முதல் பத்து நிமிஷத்துக்குள்ள நியூசிலாந்து 24-0, ஹாஃப் டைம்ல 24-24. எது நடந்துதுன்னு யோசிக்கவே நேரம் கிடைக்காது. ஆட்டம் முடியப்போற நேரம் ஆஸ்திரேலியா 35-34னு முன்னாடி இருக்கு. டெய்ன் ராண்டல்கிட்ட இருந்து இடது ஓரத்துல லோமுவுக்கு பாஸ், கோட்டுக்கும் அவர் காலுக்கும் நடுவுல இடமே இல்ல, தடுக்க ஸ்டீபன் லார்கம் வர்றார். இங்க அவர் யார் மேலயும் ஏறல, மோதி வீழ்த்தல. 120 கிலோ மனுஷன் கோட்ட மிதிக்காம ஓரமாவே காலடி வச்சு போய் மூலைல ட்ரை போட்டார், 39-35. சைஸ் மட்டும்தானேன்னு கேட்டவங்க எல்லாரும் இத ஸ்லோ மோஷன்ல பாருங்க, கால மட்டும் பாருங்க.

ஹாக்காவ பத்தி கேட்டவங்க கேள்விங்க நிறைய இருக்கு, அடுத்த இதழ்ல எடுத்துக்கறோம்.